பொது டிரைவுக்குத் திரும்பச் சொல்லும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

ஆவணப் பிரிவு பயன்படுத்தும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்கு மார்ச் 31-க்குப் பிறகு கட்டணம் கட்டப்போவதில்லை, அதற்குள் எல்லாக் கையேடுகளையும் வேர்டு கோப்பாகவும் பிடிஎஃப்பாகவும் இறக்கி, அலுவலகத்தில் எல்லோரும் கோப்பு போட்டு வைக்கும் பொது டிரைவில் போட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதில் அந்த மென்பொருளுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் "கோப்பு சேமிப்பு வசதி". எனக்கு வருத்தம் அந்த மூன்று சொற்களின் மேல்தான்.

இதற்கு முன் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்கு "நோட்டட்" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. புதுச்சேரியில் பம்பு செய்கிற ஓர் இடம் என்பதற்கு மேல் படிப்பவர்களுக்குத் தேவையில்லை.

நான் இங்கே சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் நீங்கள் இப்போது திரும்பச் சொல்கிற அதே பொது டிரைவில்தான் வேலை பார்த்தேன். அங்கே ஒரே கையேட்டுக்கு "மேடம் பார்த்தது", "மேடம் பார்த்ததுக்கு அப்புறம் சார் திருத்தியது", "அனுப்பியது, தொடாதே" என்று கோப்புகள் இருந்தன. அனுப்பியது எதுவென்று அனுப்பியவரைக் கேட்டால்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் தெரியாது.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களில் இருவர் அப்போது இங்கே இல்லை.

நம் ரசாயனப் பம்பு ஒன்றில், தண்டு வழியாகத் திரவம் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலோடு வரும் ஓரிங் என்ற ரப்பர் வளையத்தை, டொலுவீன் போன்ற கரைப்பான் ஓடும் இடங்களுக்கு மட்டும், நைட்ரைல் ரப்பரிலிருந்து வைட்டான் என்ற வேறு வகை ரப்பருக்கு மாற்றினோம். டொலுவீன் பட்டால் நைட்ரைல் ரப்பர் ஊதிவிடும். வடிவமைப்புப் பிரிவிலிருந்து மாற்றக் குறிப்பு வந்தது. அந்தப் பாகத்தின் எண் எந்தெந்தக் கையேட்டில் இருக்கிறது என்று நானும் தோழி ஒருத்தியும் உட்கார்ந்து தேடினோம். 19 இடங்களில் இருந்தது. இரண்டு நாளில் 19-ஐயும் திருத்தினோம். டீ வாங்கிக் குடித்துவிட்டு, முடிந்தது என்று மின்னஞ்சலும் போட்டோம்.

இருபதாவது இடம் தமிழ்க் கையேடு. அது வேர்டில் இல்லை. வெளியே ஒரு டிடிபி கடையில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே கிடப்பது ரோமன் எழுத்து. "நைட்ரைல்" என்று தமிழில் அடித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எங்களுக்கும் கிடைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஃபிட்டர் ஒருவர் போன் செய்தார். சீல் கழன்று டொலுவீன் கசிந்திருக்கிறது. ஷிஃப்டில் இருந்தவருக்கு வாடை தெரிந்து பம்பை நிறுத்தியதால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தீப்பிடிக்கக்கூடிய திரவம் அது. "நான் உங்க புக்கைப் பாத்துத்தானே மேடம் ஆர்டர் போட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை நேரில் போனேன். நம் ஆங்கிலக் கையேடு ஆபீஸ் அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. தமிழ்க் கையேடு பம்பு மேடைக்குப் பக்கத்தில், கிரீஸ் கறையோடு, ஓரம் சுருண்டு, பாகங்கள் பட்டியல் வருகிற பக்கம் தானாகவே விரிகிற அளவுக்குப் பழகிப்போய்க் கிடந்தது. எந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு நாங்கள் கேட்டு, நீங்கள் வாங்கித் தந்ததுதான் இந்த மென்பொருள். அதற்கு இன்றும் நன்றி உண்டு. அது என்ன செய்கிறது என்பதை ஒரு முறையாவது நாங்கள் சரியாக விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் விட்டது எங்கள் தப்பு. இப்போது விளக்குகிறேன்.

இதில் கையேடு என்று ஒரு கோப்பு கிடையாது. சீலைக் கழற்றுவது ஒரு டாபிக், பம்பை முதன்முதலில் ஓட்டுவது ஒரு டாபிக், ஓரிங் தேர்வு ஒரு டாபிக். ஒவ்வொன்றும் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும். 19 கையேடுகளும் அந்த ஒன்றைத்தான் அழைத்துக்கொள்ளும். அங்கே திருத்தினால் 19-லும் திருந்தும். எந்த டாபிக்கை எடுத்தாலும் "இது எங்கெல்லாம் பயன்படுகிறது" என்று கேட்கலாம், பட்டியல் வரும். ஆங்கில டாபிக்கைத் தொட்டவுடன் அதன் தமிழ் இணையும் பிரெஞ்சு இணையும் பழையதாகிவிட்டன என்று சிவப்பில் காட்டும். அந்தச் சிவப்பு மாறி ஒப்புதல் விழும்வரை தமிழ்க் கையேட்டை வெளியிட முடியாதபடி நாங்களே பூட்டு போட்டு வைத்திருக்கிறோம். வைட்டான் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல, அசிட்டோன் ஓடும் இடத்தில் அதுவே ஊதும். அதனால் எந்தத் திரவத்துக்கு எந்த ஓரிங் என்பதை நிபந்தனையாக எழுதி வைத்திருக்கிறோம். வாடிக்கையாளருக்கு அவர் பம்புக்கு உரியது மட்டும் அச்சாகும்.

எச்சரிக்கைகளும் அப்படித்தான். உயிருக்கே ஆபத்து நிச்சயம் என்றால் ஒரு சொல், உயிர்போகும் வாய்ப்பு உண்டு என்றால் இன்னொரு சொல், சிறு காயம் என்றால் மூன்றாவது சொல் என்று சர்வதேச நடைமுறை இருக்கிறது. பழைய தமிழ்க் கையேடுகளில் மூன்றுக்கும் "எச்சரிக்கை" என்றுதான் போட்டிருந்தோம், டிடிபி கடைக்காரருக்கு இடம் போதாதபோது "குறிப்பு" என்றும் போட்டிருந்தோம். இப்போது அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று மூன்றும் தனித்தனியாக, எல்லாக் கையேட்டிலும் ஒன்றுபோல வருகின்றன. யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையில் தமிழ் என்ற சொல்லே இல்லை.

இந்த மென்பொருள்கள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. வாக்கியத்தில் பாகத்தின் பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே எந்தப் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது அவற்றின் பெரிய வசதி. ஆங்கிலத்தில் பெயர் அப்படியே உட்கார்ந்துவிடும். தமிழில் உட்காராது. பம்பு என்றால் பம்பை, குழாய் என்றால் குழாயை, மோட்டார் என்றால் மோட்டாரை. காலி இடத்துக்குப் பின்னால் "ஐ" போட்டு வைத்தால் "பம்புஐ" என்று வரும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஒருவர் எழுதிக்கொடுத்த நிரல் பெயரையும் உருபையும் ஒட்டியது; "சீலை மெதுவாகக் கழற்றவும்" என்று அச்சாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் சீலை என்றால் புடவை. சர்வீஸ் பையன்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்கப்புறம், தமிழ் வாக்கியத்துக்குள் காலி இடமே விடக்கூடாது, முழு வாக்கியமாகத்தான் மறுபயன்பாடு செய்ய வேண்டும், "சீல் பாகத்தை" என்றுதான் எழுத வேண்டும் என்று முடிவெடுத்தோம். பிடிஎஃப் எடுக்கும்போது கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்ற கதை வேறு. அதைச் சரிசெய்யவே ஒரு மழைக்காலம் போனது.

இந்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும் எங்கே இருக்கின்றன? ஒவ்வொரு டாபிக்கின் வரலாற்றில், யார், எந்தத் தேதியில், ஏன் மாற்றினார் என்ற குறிப்பில். வேர்டாக இறக்கினால் வாக்கியம் வரும். காரணம் வராது. அடுத்து வருகிற பிள்ளை "சீல் பாகத்தை" என்பது நீளமாக இருக்கிறதே என்று மறுபடியும் "சீலை" என்று சுருக்கும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் சுற்றறிக்கை முழுக்க அதுதானே. முன்பெல்லாம் ஒரு பக்கம் மாறினாலும் தமிழுக்கு முழுப் புத்தகமும் மறுபடி போகும். பக்கக் கணக்கில் காசு. அதனால் திட்டத்தில் "தமிழ்ப் பதிப்பு பின்னர்" என்று எழுதுவோம். அந்தப் பின்னர் வரவே வராது. இப்போது மாறிய டாபிக் மட்டும் மொழிபெயர்ப்புக்குப் போகிறது, மற்றதெல்லாம் ஏற்கெனவே ஒப்புதல் ஆனபடி அப்படியே வருகிறது. பிரெஞ்சுக்கு நமக்கு ஊரிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிடைத்திருக்கிறார். புதுச்சேரியில் இருப்பதில் அது ஒரு லாபம். அவரும் முழுப் புத்தகம் படிப்பதில்லை, சிவப்பானதை மட்டும் படிக்கிறார். பொது டிரைவுக்குப் போனால் பிரெஞ்சு பிழைத்துக்கொள்ளும், அங்கே வாடிக்கையாளர் கேட்பார், சட்டம் கேட்கும். தமிழுக்குக் கேட்க ஆள் இல்லை. முதலில் நிற்கப்போவது அதுதான்.

சட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவுக்கு நாம் அனுப்பும் பம்புகளுக்கு இப்போது 2006-ஆம் ஆண்டின் இயந்திர நெறிமுறை பொருந்துகிறது. அதற்குப் பதிலாக வரும் 2023/1230 என்ற ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வருகிறது. கையேட்டை டிஜிட்டலாகவே தரலாம் என்று அது அனுமதிக்கிறது. ஆனால் அப்படித் தந்தால், இயந்திரம் உழைக்கும் காலம் வரையிலும், குறைந்தது பத்து ஆண்டுகளும், அது இணையத்தில் கிடைத்தாக வேண்டும். வாங்கும்போது காகிதத்தில் கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். 2027-இல் விற்கும் பம்புக்கு 2027-இல் இருந்த கையேட்டை 2037-இல் எடுத்துத் தர பொது டிரைவில் யாரால் முடியும்? அங்கே முந்தாநாள் கோப்பையே போன் போட்டுத்தான் கேட்டோம்.

ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அப்போது வரைபடப் பிரிவின் பொது டிரைவு கணினி தரைத்தளத்தில், நாற்காலி மேல்கூட இல்லாமல், தரையிலேயே இருந்தது. தண்ணீர் வடிந்து, பிரித்துக் காயவைத்து, பழைய பேக்கப்பைத் தேடிச் சேர்க்க அவர்களுக்கு மூன்று வாரம் ஆனது. நாங்கள் கரண்ட் வந்த அன்றே விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தோம். எங்களுக்குக் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. எங்கள் டாபிக்குகள் வெளியூர் சர்வரில் இருந்தன, அவ்வளவுதான். அந்த டிரைவுக்குத்தான் எங்களையும் வரச்சொல்கிறீர்கள். கணினி இப்போது முதல் மாடிக்குப் போயிருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மென்பொருளில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் நாங்கள் அதைத் திட்டாத நாள் இல்லை. ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு வரிக்கெல்லாம் ஒரு டாபிக் ஆக்கி, பிறகு உட்கார்ந்து ஒட்டினோம். தமிழில் தேடினால் இன்னும் சரியாகத் தேடாது. "பம்பில்" என்று தேடினால் "பம்பிலிருந்து" சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு அதன் ரிவ்யூ பக்கம் பிடிக்கவே பிடிக்காது, பிரிண்ட் எடுத்துச் சிவப்பு மையில் திருத்தித் தருகிறார்கள். ஒன்பது பேருக்கு லைசென்ஸ் வாங்கி ஐந்து பேர்தான் உண்மையில் உள்ளே போகிறோம். கட்டணம் அதிகம் என்று நீங்கள் சொல்வது நியாயம். அந்த நான்கு இடத்தைக் குறைக்கலாமே என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்துவிட்டதே, டிரைவில் இருக்கும் கோப்புகளைக் கொடுத்தால் அதுவே கையேடு எழுதித் தருமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். தரும். நைட்ரைல் என்று சொல்லும் கோப்பும் வைட்டான் என்று சொல்லும் கோப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், எது ஒப்புதல் ஆனது என்று அதற்கு யார் சொல்வது? அந்தக் கருவியை நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஒப்புதல் ஆன டாபிக்கை மட்டும் கொடுக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய ஒரு நல்ல செய்தியும் உண்டு. நம் டாபிக்குகள் எல்லாம் டிட்டா என்ற பொது வடிவத்தில் இருக்கின்றன. ஐபிஎம் உருவாக்கி, ஓயாசிஸ் என்ற தர அமைப்பிடம் கொடுத்து, 2005-இல் பொதுத் தரமானது அது. எந்த ஒரு மென்பொருள் கம்பெனிக்கும் சொந்தமில்லை. உள்ளே இருப்பது வெறும் எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது குறிச்சொற்கள் போட்ட சாதாரண எழுத்துக் கோப்பு. அதிலிருந்து பிடிஎஃப்பும் இணையப் பக்கமும் எடுக்க டிட்டா ஓப்பன் டூல்கிட் என்ற கட்டற்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம் மென்பொருள் பிரிவுப் பையன்கள் நிரலை வைத்திருக்கும் கிட் (Git) என்ற, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருளில் அந்தக் கோப்புகளையும் வைத்தால் யார், எப்போது, ஏன் என்ற வரலாறும் தொடரும். சிவப்பு விளக்கும் பூட்டும் "எங்கெல்லாம் பயன்படுகிறது" பட்டியலும் தானாக வராது. நாமே கொஞ்சம் கட்டிக்கொள்ள வேண்டும். கஷ்டம்தான், ஆனால் முடியும். வேர்டாக இறக்கிவிட்டால் திரும்பி வரவே வழி இல்லை. ஒரே டாபிக் 19 கோப்பில் 19 நகலாகப் பிரிந்து, அன்றிலிருந்து 19 வழியில் வளரும்.

ஆகவே நான் கேட்பது இவை.

மார்ச் 31 என்ற கெடுவை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். அந்த ஆறு மாதத்துக்கு ஒன்பது லைசென்ஸை ஐந்தாகக் குறைத்து விலை பேசுங்கள். விற்பனையாளரோடு நடக்கும் அந்தப் பேச்சில் எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். என்ன தேவை, என்ன தேவையில்லை என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அப்படியும் கட்ட முடியாது என்று முடிவானால், எங்கள் உள்ளடக்கத்தை எக்ஸ்எம்எல்லாகவே, வரலாற்றோடும் மொழி இணைகளோடும் இறக்க அனுமதி கொடுங்கள். வேர்டு வேண்டாம். கிட்டுக்கும் டூல்கிட்டுக்கும் மாற, மென்பொருள் பிரிவிலிருந்து ஒருவரை மூன்று மாதத்துக்கு எங்களோடு விடுங்கள்.

இதுவரை விற்ற ஒவ்வொரு பம்புக்கும் உடன் போன கையேட்டின் பதிப்பை, வரிசை எண்ணோடு, மாற்றம் எதுவும் தொடங்குவதற்கு முன் உறையவைத்து இரண்டு இடத்தில் சேமிக்க உத்தரவிடுங்கள். ஓர் இடம் இந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

தமிழ்க் கையேடுகளுக்கு யார் பொறுப்பு என்று ஒரு பெயரைப் போட்டு எழுத்தில் தாருங்கள். ஆங்கிலம் மாறினால் தமிழ் எத்தனை நாளில் மாற வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். 30 நாள் என்று எழுதினால் எங்களால் செய்ய முடியும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களில் ஒருவராவது ஒரு சனிக்கிழமை என்னோடு சிப்காட்டுக்கு வாருங்கள். அந்த ஃபிட்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், புதிய தமிழ்க் கையேடும் அவரிடம் இருக்கிறது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஒன்பது மணிக்குக் காத்திருப்பேன். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் மார்ச் 10-க்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொழில்நுட்ப ஆவணப் பிரிவிலிருந்து,
மஞ்சக்குப்பம் பஸ்ஸில் வரும் எழுத்தர்